யார் கிளறிய இனிப்பு

மாட்ரிட்
15 செப்டம்பர் 1994, வியாழன்

என் கருப்பா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தோடு முக்குக் கடைக்கு ஓடி, "டிலேனியா சாகக் கெடக்கா" என்று சொல்லி ஒரு குப்பி ரம்முக்கு வழி பண்ணிக்கொள்வாய். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நாக்குதான் செத்துவிட்டது.

வியாழக்கிழமை எங்களுக்கு அரை நாள் விடுப்பு. நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சதுக்கத்து பெஞ்சுகளில் உட்கார்ந்து வம்பளக்க, நான் மட்டும் கால் தேய அலைந்தேன். எதற்கு? ஒரு பச்சை வாழைக்காய்க்கு. சிரிக்காதே. வாழைத்தோப்புக்காரன் பெண்டாட்டி இரண்டு வருஷமாக ஒழுங்கான வாழைக்காய் ஒன்றைக் கண்ணால் பார்க்கவில்லை. இங்கே சந்தையில் இருப்பதெல்லாம் குட்டையாகப் புள்ளி விழுந்த பழம். அதில் காயாகப் பொறுக்கி வந்து போன வாரம் அவித்து மசித்தேன். மங்கூவா வந்தது? பசை வந்தது. சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம்.

இன்று ரயில் மாறி ரயில் ஏறி, ஓர் ஆப்பிரிக்கக்காரர் கடையைக் கண்டுபிடித்தேன். வாழைக்காய் இருந்தது. ஆனால் கறுத்து, சுருங்கி, காம்பு விறகாகக் காய்ந்து கிடந்தது. "இது எப்பங்க வந்துச்சு?" என்று கேட்டேன். "நீ வர்றதுக்கு முன்னாடியே வந்துருச்சும்மா" என்றார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாழைக்காய்க்கு அழுகிற அளவுக்கு வந்துவிட்டேன் பார்.

சதுக்கத்து மூலையில் செனோன் என்று ஒருத்தன் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்ச் சாப்பாடு விற்கிறான். எனக்கென்று ஒரு தட்டு தனியாக எடுத்து வைக்கிறான். துவரைச் சோறு என்கிறான், அதில் தேங்காய்ப்பாலைக் காணோம், ஆலிவ் எண்ணெய் மிதக்கிறது. இருந்தாலும் தின்றேன். முதலாளியம்மா வீட்டில் கொண்டைக்கடலையும் உப்புமீனும் சமைத்துச் சமைத்து, அதையே அடுப்படியில் நின்றுகொண்டு விழுங்கி அலுத்துவிட்டது.

உனக்கும் பிள்ளைக்கும் உன் தங்கை எர்சிலியா பொங்கிப் போடுகிறாள். கொடுத்து வைத்தவர்கள். இன்னமும் உப்புப் போட மறக்கிறாளா?

முக்கியமான செய்தி. முதலாளியம்மாவின் மருமகன் வக்கீல். ஏப்ரல் முடிந்ததும் உன்னையும் நம் மகள் யூதெல்காவையும் இங்கே அழைத்துக்கொள்ள மனுப் போடலாம் என்கிறார். வருவாயா, மாட்டாயா? இந்த முறை மழுப்பாதே.

டிலேனியா

*

விசெந்தே நோப்ளே
2 அக்டோபர் 1994

என் கருப்பி,

நானும் பிள்ளையும் சுகம். இந்த வருஷம் தோப்பில் காய்ப்பு எப்படித் தெரியுமா? குலை ஒவ்வொன்றும் என் தொடை கனம். தலைநகரத்து லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. நீ அங்கே ஒரு காய்க்கு அழுகிறாய், இங்கே உதிர்ந்ததைப் பன்றி தின்கிறது. கடவுள் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை.

மாட்ரிட்டுக்கு வந்து நான் என்ன செய்யட்டும்? நம் ப்ளூதார்கோவை அவன் பெண்டாட்டி அழைத்துக்கொண்டாளே, என்ன ஆனான்? ஒரு பணக்காரியின் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் பூங்காவைச் சுற்றுகிறானாம். வாய்க்கால் மடை யாருக்கு முதலில் என்று ஊரையே எதிர்த்து நின்றவன்! கடையில் இப்போது அவனுக்குப் பெயரே நாய்க்காரன். என்னையும் அப்படிப் பார்க்க ஆசையா?

பிள்ளையை மட்டும் அழைத்துக்கொள்வேன் என்று எப்போதாவது தோன்றினால், அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிடு. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்?

எர்சிலியா ஒன்று கேட்கச் சொன்னாள். துவரைச் சோற்றுக்குத் தேங்காய்ப்பாலை அரிசிக்கு முன்னால் ஊற்ற வேண்டுமா, பின்னாலா? அப்புறம், மங்கூவை மசிக்கும்போது நடுவில் கட்டி கட்டியாக நிற்கிறதாம், அதற்கு என்ன வழி? விவரமாக எழுது. அவளுக்குக் கொஞ்சம் புத்தி மட்டு, உனக்குத்தான் தெரியுமே.

யார் அந்த செனோன்? வயசென்ன? உனக்கென்று தட்டு எடுத்து வைக்க அவன் யார்?

ரதாமேஸ்

*

மாட்ரிட்
27 அக்டோபர் 1994, வியாழன்

ரதாமேஸ்,

செனோனுக்கு எழுபது வயது. முன்பல் கிடையாது. மூட்டுவலிக்கு என்னிடம் தைலம் கேட்கிறார். போதுமா? இனிமேல் நிம்மதியாகத் தூங்கு.

சின்ன வயசிலிருந்து அடுப்படியில் நிற்கிற எர்சிலியாவுக்குத் தேங்காய்ப்பால் எப்போது ஊற்றுவதென்று தெரியாதா! சரி, அவளிடம் சொல்லித் தொலை. பூண்டு, மிளகாய், வெங்காயம் வதங்கினதும் துவரை. துவரை மசாலாவைக் குடித்ததும் தேங்காய்ப்பால். அது கொதித்துப் பொங்கி வரும்போது அரிசி. தண்ணீர் சுண்டினதும் மூடிவிட்டுத் தொடக்கூடாது. திறந்து திறந்து பார்த்தால் சோறு கோபித்துக்கொள்ளும். மங்கூவுக்கு, அவித்த காயைச் சூட்டோடு மசித்துக்கொண்டே ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொல். சூட்டின் மேல் குளிர்ச்சி விழுந்தால்தான் கட்டி உடையும். மேலே வினிகரில் வதக்கிய வெங்காயம். மறக்க வேண்டாம்.

போன ஞாயிறு, நம் மேலத்தெரு நூரிஸும் நானும் "கரீபிய உணவு" என்று பலகை மாட்டின ஒரு ஓட்டலுக்குப் போனோம். தட்டில் ஜில்லென்று பீன்ஸ், அதன் மேல் அன்னாசித் துண்டு, அதன் மேல் ஒரு காகிதக் குடை. "ஏம்ப்பா, மழை வரப்போவுதா?" என்று நூரிஸ் பரிமாறுகிறவனைக் கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. வெளியே வந்ததும் ஒரு போலீஸ்காரன் மறித்துப் பேப்பரைக் காட்டு என்றான். பசியோடு பேப்பர் காட்டுவது தனி அவமானம்.

எங்கே போனாலும் ஏதோ ஒன்று குறைகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. "என்னடீ ஓடிக்கிட்டே இருக்க, குந்து" என்று நூரிஸ் திட்டுகிறாள்.

அவள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறாள். ஏதாவது கொடுத்து அனுப்பு. வாழைக்காயும் சலாமி இறைச்சியும் வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்கிறார்கள். எர்சிலியா என்ன செய்து கொடுத்தாலும் சரி. உப்பில்லாமல் இருந்தாலும் சரி.

டிலேனியா

*

விசெந்தே நோப்ளே
28 டிசம்பர் 1994

என் கருப்பி,

நூரிஸ் கையில் ஒரு ஜாடி கொடுத்திருக்கிறேன். தேங்காயும் சர்க்கரைவள்ளியும் போட்ட இனிப்பு. எர்சிலியா செய்தது. பாவாடைக்குள் சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று திட்டாதே, வலது கை சுட்டுவிட்டது. மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் பட்டுவிட்டது. ஒன்றுமில்லை.

இனிப்பு எப்படி இருந்ததென்று எழுது. கட்டாயம் எழுது. எர்சிலியா கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ரதாமேஸ்

*

மாட்ரிட்
19 ஜனவரி 1995, வியாழன்

ரதாமேஸ் அவர்களுக்கு,

ஜாடி வந்து சேர்ந்தது. உடையவில்லை. உடைந்தது வேறு.

முதல் கரண்டி வாயில் வைத்தேன். சர்க்கரைவள்ளி இழையாகக் கரைந்திருக்கிறது, தேங்காய் அடிப்பிடிக்காமல் பொன்னாக வந்திருக்கிறது, எலுமிச்சைத் தோல் வாசனை, இஞ்சி ஒரு கிள்ளு. உன் தங்கை ஏழு ஜென்மம் எடுத்தாலும் இதைச் செய்ய மாட்டாள். அவள் அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் தலை சீவப் போகிறவள். இது பக்கத்திலேயே நின்று, கரண்டியை எடுக்காமல், பொழுது சாயும்வரை கிளறிய கை. ஒரு ஆம்பளைக்காக அவ்வளவு நேரம் நின்று கிளறுகிறவள் பக்கத்து வீட்டுக்காரி இல்லை.

நூரிஸைப் பிடித்து உலுக்கினேன். முதலில் பூசி மெழுகினாள். அப்புறம் கொட்டிவிட்டாள். "எர்சிலியா அங்க எங்கடீ இருக்கா? அவ ஜூன்லயே லாரிக்காரன்கூட தலைநகருக்குப் போயிட்டாளே. ஒனக்குத் தெரியாதா? யூதெல்காதான் சமைக்குதுன்னு உன் வீட்டுக்காரன் சொல்றான். ஆனா எப்பப் பாத்தாலும் சன்னல் சாத்திக் கெடக்கு, பொகை மட்டும் வருது. உள்ள யாரு இருக்கான்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

பத்து வயசுப் பிள்ளை செய்த இனிப்பா இது? யாரிடம் காது குத்துகிறாய்?

யார் அவள்? என் அடுப்பில் நிற்கிறாளே, யார் அவள்? தேங்காய்ப்பால் முன்னாலா பின்னாலா என்று கேட்டது அவள்தானே! நான் ஒரு முட்டாள், பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். என் கைப்பக்குவத்தை என்னிடமே வாங்கி, என் சட்டியில் சமைத்து, என் புருஷனுக்குப் பரிமாறுகிறாள். மிச்சத்தை ஜாடியில் போட்டு எனக்கும் அனுப்புகிறாள். என்ன நெஞ்சழுத்தம்!

பிள்ளையும் கூட்டா? நூரிஸிடம் தனியாகக் கொடுத்துவிட்ட சீட்டில், "அம்மா, சாப்பாடு இப்ப ரொம்ப நல்லாருக்கு, மத்ததெல்லாம் அப்பாட்ட கேளு" என்று எழுதியிருந்தாளே. கேட்கிறேன். பதில் சொல். இல்லாவிட்டால் ஏப்ரல் முடிந்ததும் வக்கீலிடம் யூதெல்காவின் பெயரை மட்டும்தான் கொடுப்பேன். நீ உன் புதுச் சமையல்காரியோடு நன்றாக இரு.

டிலேனியா

*

விசெந்தே நோப்ளே
8 பிப்ரவரி 1995

டிலேனியா,

உன் கடிதத்தை வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு "பெயரை மட்டும்" என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பொம்பளை யாரும் இல்லை. அல்தாகிராசியா மாதா மேல் ஆணை.

நான்தான். அடுப்படியில் நிற்கிறது நான்தான். அந்த இனிப்பைக் கிளறினதும் நான்தான். கை சுட்டது புகைக்குழாயில் இல்லை, அந்த இனிப்பு கொதித்துத் தெறித்ததில்.

எர்சிலியா, "அண்ணே, ரெண்டே நாள்ல வந்துர்றேன்" என்று போனவள் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டாள். உனக்கு எழுதினால் நீ பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வாய் என்று பயந்தேன். அதனால் மறைத்தேன். கொஞ்ச நாள் ரொட்டியும் சலாமியுமாக ஓட்டினோம். ஒரு நாள் மத்தியானம் தோப்பிலிருந்து வந்தால், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "என்ன பாக்குற?" என்றேன். "ஒண்ணும் பாக்கலப்பா, பக்கத்து வீட்ல பீன்ஸ் தாளிக்கிறாங்க" என்றாள்.

அன்றைக்கே ஒரு சீப்பு காய் வெட்டி வந்து அடுப்பு முன்னால் நின்றேன். பாதி நாட்டுக்கு வாழைக்காய் அனுப்புகிறவன், அதை எவ்வளவு நேரம் அவிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் உன் மங்கூவைத் தின்றேன், நீ செய்வதை ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் மங்கூ சிமென்டு. யூதெல்கா அழுத்தி அழுத்தி விழுங்கிவிட்டு, "பரவால்லப்பா" என்றாள்.

எப்படிக் கற்றேன் என்று கேள். பிள்ளைதான் சமைக்கிறாள் என்று ஊரில் சொல்லிவைத்தேன். வாய்க்காலில் துணி துவைக்கிற பெண்களிடம் போய், "எம் பொண்ணு பண்ற பீன்ஸ் வாயில வைக்க வெளங்கல" என்று புலம்புவேன். உடனே ஆளுக்கொரு பக்குவம் சொல்வார்கள். "பாவம், சின்னப் புள்ள! பூசணிக்கா ஒரு துண்டு போடச் சொல்லுங்க, கொழகொழன்னு வரும்." கேட்டுக்கொண்டு ஓடி வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். இப்படிப் பிள்ளையின் சமையலைத் திட்டித் திட்டியேதான் நான் தேறினேன். இப்போது தெருவில் எல்லோரும் அவளைப் பாராட்டுகிறார்கள். அவள் என்னை முறைக்கிறாள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ நூரிஸிடம் சொல்வாய். நூரிஸ் அவள் அம்மாவுக்கு எழுதுவாள். அப்புறம் நான் கடைப்பக்கம் தலைகாட்ட முடியுமா? உண்மையைச் சொல்லவா, நான் ஒருத்தியை வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் கடையில் எனக்கு பீர் வாங்கிக் கொடுப்பார்கள். ஏப்ரன் கட்டுகிறேன் என்று தெரிந்தால் செத்த பிறகும் பட்டப்பெயர் போகாது.

ஒன்று கவனித்தேன். சமைக்கிறவனுக்குக் கடைசியில் மிஞ்சுவது சட்டி அடியில் முறுகிப் பிடித்த சோற்றுக் கொங்கோன்தான். பிள்ளைக்குப் போட்டு, வந்தவனுக்குப் போட்டு, நான் நின்றுகொண்டு சட்டியைச் சுரண்டுகிறேன். நீயும் அப்படித்தானே நின்றாய்? உனக்குக் கொங்கோன் பிடிக்கும், அதனால் நிற்கிறாய் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கடிதத்தைக் கிழித்துப் போடு. நூரிஸ் கண்ணில் பட வேண்டாம்.

ரதாமேஸ்

*

மாட்ரிட்
2 மார்ச் 1995, வியாழன்

ரதாமேஸ்,

கிழிக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நம்பவுமில்லை.

நீ யார்? தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "டிலேனியா, தண்ணி!" என்று கத்துகிற ஆள். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருப்பேன், ஓடி வந்து மொண்டு கொடுப்பேன். அவன் சர்க்கரைவள்ளி இனிப்புக் கிளறினானாம்! இங்கே சதுக்கத்தில் ஒவ்வொருத்தியின் புருஷனும் எழுதுகிற பொய்களைப் படித்திருக்கிறேன். உன்னுடையது அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகம்.

நம்ப ஆசையாக இருக்கிறது என்பதுதான் கொடுமை. கடிதத்தைப் படிக்கிறேன், நம்புகிறேன். பாத்திரம் கழுவும்போது மறுபடி அவள் முகம் வருகிறது, முகமே இல்லாத அந்த ஒருத்தி. தட்டு ஒன்று உடைந்தது. "உன் புத்தி எங்கே இருக்கு?" என்றாள் முதலாளியம்மா. எங்கே என்று நான் சொல்ல?

நேற்றிலிருந்து தவக்காலம். அதனால் ஒரே ஒரு வழி சொல்கிறேன். பெரிய வியாழனன்று, வாசலில், தெருவைப் பார்த்து மூன்று கல் போட்டு அண்டாவை ஏற்று. என் மஞ்சள் ஏப்ரனைக் கட்டிக்கொள். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இனிப்பு பீன்ஸ் கிளறு. சிவப்பு பீன்ஸ் பயறை ஊறவைத்து, அவித்து, அரைத்து, வடிகட்டி, தேங்காய்ப்பால் ஊற்றி, சர்க்கரைவள்ளி போட்டு, கிராம்பும் பட்டையும் இட்டு, ஒன்றும் விடாமல். செய்து முடித்ததும் வீட்டுக்கு வீடு கிண்ணம் போக வேண்டும், நம் வழக்கப்படி. பிள்ளையை அனுப்பக்கூடாது. நீயே எடுத்துப் போய்க் கொடுக்க வேண்டும்.

செய்தால் ஊரே எனக்கு எழுதும். நான் நம்புவேன். செய்யாவிட்டால், நான் சொன்னது சொன்னதுதான்.

டிலேனியா

*

விசெந்தே நோப்ளே
17 மார்ச் 1995

டிலேனியா,

முடியாது.

வேறு என்ன வேண்டுமானாலும் கேள். முட்டி போட்டுக் கோயில்வரை வருகிறேன். வாசலில், ஏப்ரனோடு, கடைக்கு நேர் எதிரில், குவாரியோனெக்ஸும் அவன் கும்பலும் டோமினோ ஆடிக்கொண்டிருக்கும்போதா? என் அப்பா இந்த ஊர் வாய்க்காலை வெட்டினவர். அவர் பெயருக்கு என்ன ஆகும்?

பொம்பளை இருக்கிறாள் என்றே வைத்துக்கொள். போ.

ரதாமேஸ்

*

மாட்ரிட்
30 மார்ச் 1995, வியாழன்

ரதாமேஸ்,

வைத்துக்கொண்டேன்.

யூதெல்காவின் ஞானஸ்நானச் சான்றிதழும் இரண்டு போட்டோவும் அனுப்பு. மே மாத முதல் வாரம் வக்கீலிடம் போகிறேன்.

டிலேனியா

*

விசெந்தே நோப்ளே
15 ஏப்ரல் 1995, பெரிய சனி

டிலேனியா,

சான்றிதழ் இந்த உறையில் இருக்கிறது, போட்டோவும் இருக்கிறது. நான் உன்னைக் கட்டாயப்படுத்தினேன் என்று யாரும் சொல்லக்கூடாது. இனி நடந்ததைக் கேள்.

உன் கடிதம் வந்த அன்று சான்றிதழைத் தேடி அலமாரியைத் திறந்தேன். மஞ்சள் ஏப்ரனும் அதில்தான் இருந்தது. யூதெல்கா பின்னால் நின்றாள். "நான் போயிட்டா நீ யாருக்குப்பா சமைப்ப?" என்று கேட்டாள். புதன்கிழமை இரவு பீன்ஸை ஊறப்போட்டுவிட்டேன்.

வியாழன் காலை கல் போட்டு அண்டாவை ஏற்றினேன். ஏப்ரனைக் கட்டினேன். அது எனக்கு முன்பக்கம் பாதிதான் மறைத்தது. கடையில் டோமினோ சத்தம் நின்றுவிட்டது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை, கேட்டாயா. அப்புறம் குவாரியோனெக்ஸ் ஆரம்பித்தான். "ஏ ரதாமேசம்மா! சீனி பத்துமா, நான் வந்து போடவா?" கடையே குலுங்கிச் சிரித்தது. "பாவாடைய எங்க மறந்து வெச்ச?" என்றான் இன்னொருவன். கரண்டியை எறிந்துவிட்டு உள்ளே போயிருப்பேன். ஆனால் பீன்ஸ் அடிப்பிடிக்கும் பதம். விட்டுவிட்டுப் போக முடியுமா? அதன் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. தேங்காய்ப்பால் திரியாமல் பார்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து விரலால் தொட்டு நக்கினார்கள். "கிராம்பு சாஸ்தி" என்றாள் நூரிஸின் அம்மா. அதோடு விட்டாளா? அவளே ஒரு கிண்ணம் நிறைய மொண்டுகொண்டு போனாள்.

பிறகு கிண்ணங்களில் ஊற்றி, பால் பிஸ்கட் மேலே மிதக்கவிட்டு, தெருவில் இறங்கினேன். அண்டாவைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

டிலேனியா, கதவைத் திறந்ததெல்லாம் ஆம்பளைகள்தான். எனக்கு அது அதுவரை உறைக்கவே இல்லை. மேலத்தெருவில் ஒரு வீட்டிலும் அண்டா ஏறவில்லை. அந்த வீட்டுப் பெண்டாட்டிமார் எல்லோரும் அங்கேதானே உன்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்! இவர்களுக்குத் தவக்கால இனிப்பு வாயில் பட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. கிண்ணத்தைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், சிரிப்பதா வேண்டாமா என்று முழிக்கிறார்கள்.

குவாரியோனெக்ஸ் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். "வாங்க மாமி" என்று இளித்தான். வாங்கினான். வாசலிலேயே நின்று ஒரு வாய் குடித்தான். இளிப்பு போய்விட்டது. கிண்ணத்தைக் காலி பண்ணினான். வழித்து நக்கிவிட்டு, "இந்த பீன்ஸ எவ்ளோ நேரம்டா ஊறப்போடணும்?" என்று மெதுவாகக் கேட்டான். "யார்ட்டயும் சொல்லிடாத" என்றும் சொன்னான்.

வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது உனக்குத் தெரியும். பெரிய வெள்ளியன்று காலையிலிருந்து கிண்ணங்கள் திரும்பி வருகின்றன. எதிலும் சமைத்தது எதுவும் இல்லை, அவர்கள் எதைச் சமைப்பார்கள்? எல்லாக் கிண்ணத்திலும் வேகாத பீன்ஸ், கழுவாத அரிசி, துருவாத தேங்காய் மூடி. வைத்துவிட்டு நகராமல் நிற்கிறார்கள். "உள்ள வாங்கடா" என்றேன்.

எனக்குப் பொம்பளைப் பெயர் வைத்தாயிற்று. தோன்யா ரதா. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன், என்ன செய்வது.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி உன் இஷ்டம்.

ரதாமேஸ்

*

மாட்ரிட்
4 மே 1995, வியாழன்

என் கருப்பா,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே சதுக்கத்துக்குச் செய்தி வந்துவிட்டது. ஒருத்திக்கு அம்மா எழுதியிருக்கிறாள், ஒருத்திக்கு மாமியார், குவாரியோனெக்ஸ் பெண்டாட்டிக்கு அவனே. எல்லோரும் ஆளுக்கொரு கடிதத்தை விரித்து ஒரே கதையைச் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். "ஏ டிலேனியா, உன் வீட்டுக்காரனை ஒரு மாசத்துக்கு வாடகைக்குக் குடேன்!" நூரிஸ் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தாள். குவாரியோனெக்ஸ் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "பீன்ஸ ஊறப்போட்டேன், உன் ஞாபகம் வந்துச்சுன்னு எழுதியிருக்கான்டீ, இந்தப் பய" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

நானும் சிரித்தேன். அப்புறம் உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பத்தடி தூரத்தில் இருந்த அடுப்புக்கு நீ வந்து சேர, நான் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்ததா? இந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. சீக்கிரம் தீராது, சொல்லிவைக்கிறேன்.

அந்த ஜாடியைப் பற்றி நீ கேட்டாய், நான் பாதிதான் எழுதினேன். இனிப்பை நான் கொட்டிவிடவில்லை. உன்னைத் திட்டிக் கடிதம் எழுதிய கையோடு சாமான் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, விரலால் வழித்து வழித்துத் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். அதுதான் என்னை அவ்வளவு கொதிக்க வைத்தது. யாரோ ஒருத்தி செய்தது எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டதே என்று. இந்த ஊரில் கடை கடையாக ஏறி இறங்கினேனே, எதிலும் கிடைக்காத ஒன்று அதில் இருந்தது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை. இப்போது தெரிகிறது. அது எனக்காகச் செய்தது. நம் ஊரில் இருந்தபோதும் எனக்கு அது கிடைத்ததில்லை ரதாமேஸ். என் அம்மா போன பிறகு யாரும் எனக்காக அடுப்புப் பற்றவைத்ததில்லை. இல்லாத ஒன்றைத்தான் இத்தனை நாள் ரயில் ஏறித் தேடியிருக்கிறேன்.

நேற்று வக்கீலிடம் இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டேன். நீ வருவதும் வராததும் உன் விருப்பம். செனோன் வேனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார். சொன்னேன், அவ்வளவுதான். நாய் ஒன்றும் இல்லை.

ஆனால் அதற்கு முன்னால், ஜூலையில் எனக்கு விடுமுறை. ஊருக்கு வருகிறேன். விமான நிலையத்துக்கு வராதே, பூவும் வேண்டாம். நூரிஸின் தம்பி காரில் வந்துவிடுகிறேன். ஆற்றுப் பாலம் தாண்டும்போது ஹாரன் அடிக்கச் சொல்கிறேன். அந்தச் சத்தம் கேட்டதும் காயை உரித்து அடுப்பில் போடு. மங்கூ, வெங்காயம், பொரித்த சீஸ், முட்டை. நான் உள்ளே வந்தால் அடுப்பைத் தொட மாட்டேன். கரண்டி கீழே விழுந்தாலும் எடுக்க மாட்டேன். யாரும் என்னிடம் தண்ணீர் கேட்கக்கூடாது.

கொங்கோன் எனக்குப் பிடிக்கும்தான். அன்றைக்கு அதை நீயே சுரண்டிக்கொள். நாற்காலியை இழுத்துப்போட்டு நான் உட்கார்ந்த பிறகு பரிமாறு. சூடாக இருக்க வேண்டும். முதல் தட்டு எனக்கு.

டிலேனியா